பின்னாடி வண்டி இல்லை

ஜனவரி 11

அண்ணிக்கு,

இந்தக் கடுதாசியைப் பிரிக்காமலே அடுப்புல போட்டுடாதீங்க. பல்லுக்குச்சி கையில குடுத்தனுப்பறேன். எந்நேரமும் வாயில ஒரு குச்சியைக் கடிச்சுக்கிட்டே ஓட்டுவானே, அந்த டிரைவர்தான். போன் அடிச்சா நீங்க எடுக்கறதில்ல. போன மாசம் லீவு போட்டு நேர்லயே வந்தேன். உங்க தார்ப்பாய்க் கடை வாசல்ல நின்னேன். நீங்க தலையைத் தூக்காம தைச்சுக்கிட்டிருந்தீங்க. மெஷின் சத்தம் நிக்கட்டும், அப்புறம் பேசலாம்னு நானும் நின்னேன். அது நிக்கவே இல்ல. சரின்னு கெளம்பிட்டேன்.

இதோட ஒரு தார்ப்பாயும் வருது. கிழிசல் நெசக் கிழிசல்தான். கடுதாசி அனுப்ப ஒரு சாக்கு வேணும்னு நானா கிழிக்கல.

எனக்குப் பேசற மாதிரிதான் எழுத வரும். நேரா வராது, சுத்தித்தான் வருவேன். மலை ரோட்டுல ஓட்டி ஓட்டி உன் பேச்சும் வளைஞ்சு போச்சுடான்னு அண்ணனே சொல்வாரு. அதனால முதல்ல மாமியார் கதை. நான் இப்போ ஓட்டற கம்பெனியில வண்டிக் கண்ணாடி மேல ஒரு கேமரா வெச்சிருக்கான். கொட்டாவி விட்டா அதுக்குத் தெரியும். வண்டியை எங்க நிறுத்தினாலும் ஒரு பொம்பளக் குரல், 'அனுமதி இல்லாத நிறுத்தம்'னு சொல்லும். ஒண்ணுக்குப் போக நிறுத்தினாலும் அதே பாட்டுதான். அதுக்கு மாமியார்னு பேர் வெச்சேன். எம் பொண்டாட்டி காதுல விழுந்து, எங்கம்மா உன்னை எப்போ அப்படிக் கேட்டாங்கன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. அந்த மாமியாராலதான் உங்க ஊர் ஓரமா லோடு ஏத்திட்டுப் போறவன் ஊருக்குள்ள ஒரு எட்டு வர முடியல.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மலையில பாதிக்கு மேல கழுத்துன்னு சொல்றோமே, அந்த எடம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல ஒரு வண்டி போற அகலம். உங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா எனக்கு அடியிலேருந்து சொன்னாத்தான் வரும். லோடோட ஏர்றவனுக்குத்தான் அங்க வழி. காலியா எறங்கறவன் கழுத்துக்கு மேல இருக்கற ஒதுங்குற எடத்துல நிக்கணும். நின்னு, லைட்டை ரெண்டு வெட்டு வெட்டணும். 'நான் நிக்கறேன், நீ வா'ன்னு அர்த்தம். ஏர்றவன் அதைப் பாத்துட்டுத்தான் உள்ள மூக்கை விடுவான். தாண்டும்போது நன்றிக்கு ஒரு விரலைத் தூக்குவான். எல்லாரும் விரலைத் தூக்கினா அண்ணன் முழுக் கையையும் ஜன்னலுக்கு வெளிய நீட்டித் தூக்குவாரு. அதுல வந்த பேருதானே கைதூக்கி.

இப்போ அங்க யாரும் நிக்கறதில்ல. போன்ல ரோட்டுப் படத்தைப் பாத்துக்கிட்டே எறங்கிடறானுங்க. நடுக்கழுத்துல ரெண்டு வண்டி மூஞ்சியோட மூஞ்சி முட்டி நிக்கும். யார் பின்னால போறதுன்னு அப்பனை ஆத்தாளை இழுத்துச் சண்டை நடக்கும்.

டிசம்பர்ல ஒரு நாள், விடிஞ்சும் விடியாத பனியில ஏறிக்கிட்டிருந்தேன். கழுத்துக்குக் கீழ வந்து ஹாரன்ல கையை வெக்கறேன், மேலேருந்து லைட் ரெண்டு வெட்டு வெட்டிச்சு. மனசு குளுந்து போச்சு. இன்னும் ஒரு மனுசன் மிச்சம் இருக்கான்டான்னு ஏறினேன். கையைத் தூக்கிக்கிட்டே அந்தப் பக்கம் திரும்பினேன். ஒதுங்குற எடத்துல வண்டி இல்ல. வெறும் புல்லு. தூக்கின கையை எங்க வெக்கறதுன்னு தெரியல.

அப்புறம் நான் ஏர்றப்போல்லாம் அது வெட்டுது. வெயில்ல ஏதோ கண்ணாடித் துண்டு மினுக்குதுன்னு நெனச்சேன். மழையில என்ன மினுக்கும்? முதல் வெட்டு நீளம், ரெண்டாவது குட்டை. அண்ணி, அப்படி வெட்டற ஆளு யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்க கொழுந்தன்

*

ஜனவரி 19

தம்பிக்கு,

தார்ப்பாயைத் தைத்துவிட்டேன். ஓரத்தில் கயிறு போடும் வளையங்கள் இரண்டு பிய்ந்திருந்தன. மாற்றியிருக்கிறேன். மூட்டையை ஓரம் பார்த்துக் கட்டு. உனக்கு எப்போதும் நடுவில் இழுத்துக் கட்டும் புத்தி.

மற்றதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் திரும்பவும் ஒன்றைக் கிழித்து அனுப்புவாய்.

போன மழைக்காலத்தில் வண்டி கழுத்தில் உருண்டு, அவர் போய்விட்டார். மறுநாள், நீங்கள் இருவரும் ஓட்டிய லாரி செட் முற்றத்தில் முதலாளி எல்லா டிரைவர்களையும் வைத்துக்கொண்டு உன்னிடம் கேட்டார், என்ன நடந்திருக்கும் என்று. நான் அந்தப் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். பாதி சாத்திய கதவு. நீ சொன்னது இதுதான்: "காலி வண்டி, வீட்டுக்கு அவசரம். நிக்காம எறங்கியிருப்பாரு."

கூடப் பிறந்தவன் வாயாலேயே வந்துவிட்டது, வேறு யார் மறுத்துப் பேசுவார்கள்? அன்றைக்கே கைதூக்கி என்ற பேர் மாறிவிட்டது. என் கடைக்குத் தார்ப்பாய் கொண்டுவருகிறவர்கள் நான் யார் என்று தெரியாமல் பேசிக்கொள்கிறார்கள், "கழுத்துல நிக்காம எறங்கினானே ஒருத்தன்" என்று. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன். ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

வாழ்நாள் முழுக்க நின்று வழிவிட்டவரை நிற்காதவர் ஆக்கினாய். இப்போது அவர் அங்கே நிற்கிறார் என்று நீயே எழுதுகிறாய். அன்றைக்கு நிற்காதவர் இன்றைக்கு எதற்கு நிற்க வேண்டும்? ஒன்றை முடிவு செய்துகொண்டு எழுது. அதுவரை எழுதாதே.

அண்ணி

*

பிப்ரவரி 2

அண்ணிக்கு,

முடிவு செஞ்சுட்டு எழுதுன்னீங்க. முடிவு பண்ணத் தெரியாமத்தான் எழுதறேன்.

அந்தப் பேச்சு என் வாயிலதான் வந்துச்சு. இல்லேங்கல. லோடோட மேல ஏறின ஒருத்தன் வந்து நின்னு, எனக்கு யாரும் லைட் வெட்டல, நான் போனப்போ ஓரச் சுவரு ஒடைஞ்சு கெடந்துச்சுன்னு சொன்னான். முதலாளி என் மூஞ்சியைப் பாத்தாரு. ராத்திரி பூரா பள்ளத்துல கயித்தைப் புடிச்சு எறங்கி ஏறி, பொட்டுத் தூக்கம் இல்லாத கண்ணு எனக்கு. தோணினதைச் சொன்னேன். பக்கத்து ரூம்ல நீங்க இருந்தது சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனான்னா, அதுவும் தெரியல.

நீங்க ஒரு நாள் அண்ணனை வாசல்ல நிக்க வெச்சுத் திட்டினது ஞாபகம் இருக்கா? மத்தியானம் வர வேண்டிய மனுசன் வெளக்கு வெக்கற நேரத்துக்கு வந்தாரு. எங்க போயிருந்தீங்கன்னு கேட்டீங்க. கழுத்துல நின்னேன்னாரு. இவ்வளவு நேரமா, ஊர்ல இருக்கற லாரியெல்லாம் இன்னைக்கே ஏறிச்சான்னு கேட்டீங்க. "கடைசி வண்டிக்காரன் ஹாரன் அடிக்காமப் போயிட்டான். நான் எப்படி எறங்கறது?"ன்னாரு. நீங்க கையில இருந்த கரண்டியோட உள்ள போயிட்டீங்க. நான் பின்னால திரும்பிச் சிரிச்சேன்.

அது ஒண்ணும் சிரிக்கற விஷயம் இல்ல அண்ணி. லோடு வண்டி வரிசையா ஏர்றப்போ, கடைசியில வர்றவன் கழுத்தைத் தாண்டினதும் ஒரே ஒரு நீள ஹாரன் அடிக்கணும். 'எனக்குப் பின்னாடி வண்டி இல்ல, நீ எறங்கலாம்'னு அதுக்கு அர்த்தம். அதைக் கேட்டப்புறம்தான் நிக்கறவன் வண்டியை எடுப்பான். இப்போ அப்படி ஒரு ஹாரன் இருக்குன்னு சொன்னாக்கூடச் சிரிக்கறானுங்க. கம்பெனியில புதுசா ஒரு பையன் சேந்திருக்கான், வண்டி ஓட்டக் கத்துக்கிட்டதே ஏதோ வெளையாட்டு மெஷின்ல போல இருக்கும். காதுல ரெண்டு பஞ்சு மாதிரி மாட்டிக்கிட்டே ஓட்டுவான். அவன்கிட்ட இதைச் சொன்னேன். "அண்ணே, அவன் எறங்கினா என்ன, எறங்காட்டி என்ன? நமக்குத்தான் தாண்டியாச்சே"ன்னான். தப்பா சொல்லல. அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

லைட் இன்னும் வெட்டுது. நேத்து நட்ட நடு மத்தியானத்துல. கழுத்துக்குள்ளயே கியர் மாத்தறப்போ தடுமாறிட்டேன். எறங்கிப் பாக்கணும்னு இருக்கு. ஆனா இன்னொரு தடவை மலையில நிறுத்தினா வண்டியிலேருந்து எறக்கிடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. போன வாரம் ஒரு லாரி பஞ்சராகி நின்னுச்சு, ஜாக்கி குடுக்கலாம்னு நிறுத்தினதுக்கு அந்தப் பேச்சு.

எதைப் பாக்கணும்னு எறங்கறதுன்னும் எனக்குத் தெரியல.

கொழுந்தன்

*

பிப்ரவரி 9

தம்பிக்கு,

எதைப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன். அதற்கு முன்னால் உனக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அன்று காலையில் நான் அவருக்குப் போன் செய்தேன். மலைக்கு அந்தப் பக்கம் சுமை இறக்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். சமையலறைக் கூரை ஒழுக ஆரம்பித்திருந்தது. ஊருக்கெல்லாம் தார்ப்பாய் தைக்கிறவள் வீட்டில் ஒழுகல். கூரைக்கென்று ஒரு துண்டைத் தைத்து மடித்துப் பரணில் வைத்திருந்தேன். ஏறிக் கட்ட ஆள் வேண்டும். "மழை வலுக்கறதுக்குள்ள வந்துடுங்க, எங்கயும் நின்னுக்கிட்டு இருக்காதீங்க" என்றேன். சிரித்தார். வைத்துவிட்டார்.

எங்கேயும் நிற்காதே என்று சொன்னவள் நான். நிற்காமல் இறங்கினார் என்று சொன்னவன் நீ. உன் பேச்சு ஏன் எனக்குள் இறங்கியது என்று இப்போது புரிகிறதா? நீ அவர்மேல் போட்ட பழி அவரோடு நிற்கவில்லை, என்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றுவரை கூரைக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒழுகும் இடத்தில் ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன். மழைநாளில் அது சொட்டுவதைக் கேட்டுக்கொண்டே தூங்குகிறேன்.

இனி பார்க்க வேண்டியது. இறக்கத்தில் நிறுத்தினால் முன் டயருக்கு முன்னால் ஒரு கட்டையை அண்டக் கொடுப்பாரே, அந்தக் கட்டை. அவர் கடைசியாகக் கிளம்பியபோது அதன் பிடி பிய்ந்திருந்தது. தார்ப்பாய் வாரில் புதுப் பிடி வைத்து நான்தான் தைத்துக் கொடுத்தேன். நீல நைலான் நூல், குறுக்குத் தையல். உருண்ட வண்டியிலிருந்து எடுத்த சாமான்களைச் சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். ஜாக்கி வந்தது. தண்ணீர் கேன் வந்தது. அவர் முதுகுக்கு வைக்கும் தலையணைகூட வந்தது. கட்டை வரவில்லை.

பள்ளத்தில் எங்காவது விழுந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஒதுங்குமிடத்தில் ஒரு தடவை பார். நின்றாரா இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நிற்கவில்லை என்று தெரிந்தாலும் மறைக்காமல் எழுது.

அண்ணி

*

பிப்ரவரி 24

அண்ணிக்கு,

கட்டையைச் சாக்குல சுத்திப் பல்லுக்குச்சி கையில குடுத்திருக்கேன். முதல்ல அதைப் பிரிச்சுப் பாத்துட்டு அப்புறம் இதைப் படிங்க. தையல் உங்க தையல்தானான்னு நீங்கதான் சொல்லணும். எனக்குச் சந்தேகம் இல்ல.

வழக்கம்போல லைட் வெட்டிச்சு. ஏறினேன். ஒதுங்குற எடத்துல கொண்டுபோய் வண்டியைச் சாத்தினேன். மாமியார் கத்த ஆரம்பிச்சா. கத்துடி ஆத்தான்னு எறங்கினேன். வெயிலு அடிச்சுது, ஆனா அங்க மட்டும் மழை விட்ட எடம் மாதிரி ஒரு சில்லு. புல்லு முழங்கால் உசரம். காலால தடவிக்கிட்டே போனேன். பள்ளத்தோரம் புதுசா கட்டின சுவருக்கு ரெண்டு மூணு அடி உள்ள தள்ளி, கால்ல ஏதோ தட்டிச்சு. மண்ணுல பாதிக்கு மேல பொதைஞ்சு கெடந்துச்சு. தானா விழுந்த கட்டை அப்படிப் பொதையாது. சரியா டயருக்கு வெக்கற மாதிரி வெச்சு, அது மேல முழு வண்டியும் ஏறி அழுத்தின கட்டை அது. மேல டயர் பூவு அச்சுக் குத்தியிருக்கு பாருங்க. வெரலை வெச்சுத் தடவிப் பாருங்க, தெரியும்.

அப்புறம் பின்னால நடந்தேன். ஒரு லாரி நீளத்துக்கு. அண்ணன் வண்டியோட வாலு எங்க இருந்திருக்குமோ அந்த எடத்துல குனிஞ்சு தேடினேன். செகப்புக் கண்ணாடிச் சில்லு. பின் லைட்டு அண்ணி. பள்ளத்துல ஒடைய வேண்டியது மேலயே ஒடைஞ்சிருக்கு.

அண்ணன் நின்னாரு. கட்டை போட்டு, லைட் வெட்டி, வரிசையா எல்லாத்துக்கும் வழி விட்டிருக்காரு. கடைசியா ஏறினவன் ஹாரன் அடிக்கல. அடிக்காம அவரு எறங்க மாட்டாரு. மழையில அப்படியே நின்னிருக்காரு. பின்னால காலியா எறங்கின எவனோ, அங்க ஒருத்தன் நிப்பான்னு நெனைக்காத எவனோ, வந்து இடிச்சிருக்கான். நிக்காமப் போயிட்டான். உருண்டு நொறுங்கின வண்டியில எது எங்க ஒடைஞ்சதுன்னு யார் பாத்தா?

மறுநாள் லோடு எறக்கித் திரும்பி வந்து வண்டியை விட்டதும், சாயங்காலம் நேரா பழைய லாரி செட்டுக்குப் போனேன். சீட்டாடிக்கிட்டிருந்தவனுங்களை எழுப்பி நிறுத்தி, முதலாளி முன்னால கட்டையை வெச்சேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய். அவரு நின்னாரு. நின்னதாலதான் செத்தாரு"ன்னேன். முதலாளி கட்டையைத் தொட்டுப் பாத்துட்டுக் கையைத் தொடைச்சுக்கிட்டே உள்ள போனாரு. பல்லுக்குச்சி மட்டும் வாயிலேருந்து குச்சியை எடுத்தான். அவன் குச்சியை எடுத்து நான் பாத்ததே இல்ல.

இன்னொண்ணு இருக்கு. எழுதலாமா வேணாமான்னு பல்லுக்குச்சி கெளம்பற வரைக்கும் யோசிச்சேன். நான் மண்ணைத் தோண்டிக்கிட்டிருக்கறப்போ கீழேருந்து ஒரு வண்டி ஏறி வந்துச்சு. நம்ம கம்பெனிப் பையன், காதுல மாட்டிக்கிட்டே ஓட்டறவன். தாண்டறப்போ ஜன்னல் வழியா விரலைத் தூக்கினான். எனக்குத்தான்னு நானும் தூக்கினேன். அன்னைக்கு ராவே மலைக்கு அந்தப் பக்கம் ஓய்வெடுக்கற எடத்துல அவனைப் பாத்து, பரவால்லையேடா, கையெல்லாம் தூக்கக் கத்துக்கிட்டன்னேன். "உங்களுக்கு இல்லண்ணே. உங்க பின்னால நின்னாரே, காலி வண்டிக்காரரு. லைட்டு வெட்டி வழி விட்டாரு. முழுக் கையையும் தூக்கிக் காட்டினாரு. அதான்"னான்.

எனக்குப் பின்னால பாறைதான் இருந்துச்சு.

கொழுந்தன்

*

மார்ச் 6

தம்பிக்கு,

என் தையல்தான். நூல் நிறம் மாறவில்லை. நைலான் மக்காது.

கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து தைக்கக் கொடுத்ததைக் கேட்டார். நாளைக்கு என்றேன். நான் நாளைக்கு என்று சொல்லி அவர் கேட்டதில்லை. உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

நின்றாரே. நான் சொல்லியும் நின்றாரே. அதற்கு அவர்மேல் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் நேற்று நன்றாகத் தூங்கினேன்.

நீ முற்றத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னதைப் பல்லுக்குச்சி வந்து சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று. நீ ஹாரன் அடிக்க நினைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். பின்னாடி வண்டி இல்லை என்று அவருக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாய். வேண்டாம். அங்கேயாவது இருக்கட்டும். உனக்கு இரண்டு வெட்டு வெட்டுகிறார், யாரோ ஒரு பையனுக்குக் கையைத் தூக்குகிறார். எனக்கென்று ஒன்றும் இல்லாவிட்டாலும், இருக்கிறார் என்றாவது இருக்கட்டும். அடித்தால் போய்விடுவார்.

அண்ணி

*

மார்ச் 13

அண்ணிக்கு,

நீங்க சொன்னபடியே அடிக்கல. ஆனா ஒரு சேதி. இந்த மாசக் கடைசியோட மலை ரோட்டை மூடறாங்க. மலையைக் குடைஞ்சு ஒரு ரோடு போட்டாங்களே, அதுலதான் இனிமே எல்லா லாரியும். ஏத்தம் இல்ல, எறக்கம் இல்ல, போக ஒண்ணு வர ஒண்ணு. யாரும் யாருக்கும் நிக்க வேண்டாம். பழைய ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கேட்டுப் போட்டுப் பூட்டிடுவாங்களாம்.

அதுக்கப்புறம் கழுத்துல ஏர்ற வண்டியே இருக்காது. ஹாரன் அடிக்கவும் யாரும் வர மாட்டாங்க. அவரு நின்னுக்கிட்டே இருப்பாரு. எனக்கு இதுக்கு மேல எழுத வரல. நீங்களே சொல்லுங்க.

மலையில நிறுத்தினதுக்கு என்னை எறக்கத்தான் போறாங்க. மாசக் கடைசி வரைக்கும் ஆள் இல்லாததால விட்டு வெச்சிருக்காங்க.

கொழுந்தன்

*

மார்ச் 22

தம்பிக்கு,

இரண்டு நாளாக இங்கே மழை. பாத்திரம் நிரம்பி நிரம்பிக் கொட்டுகிறேன். அங்கேயும் பெய்யும்தானே. நனைந்துகொண்டு நிற்பார். வண்டிக்குள் உட்காருங்கள் என்றால், கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் ஏறுகிறவன் தெரியமாட்டான் என்று இறங்கி நிற்பார்.

நான் பேராசைக்காரி. போன தடவை என்னை நினைத்துத்தான் எழுதினேன். அவருக்கு எத்தனை நேரம் ஆகிவிட்டது என்று நினைக்கவில்லை.

அடித்துவிடு. ஆனால் நீதான் உண்மையாகவே கடைசி வண்டியாக இருக்க வேண்டும். பின்னாடி ஒரு வண்டி இருந்து நீ அடித்தால் அது பொய். அவரிடம் பொய் சொல்லாதே. இன்னொரு தடவை வேண்டாம்.

அண்ணி

*

ஏப்ரல் 1

அண்ணிக்கு,

நேத்து அடிச்சேன்.

நீங்க சொன்னபடி கீழேயே ஓரமா நிறுத்திட்டு ஒவ்வொரு வண்டியா போக விட்டேன். கடைசி நாள்னு எல்லாரும் சத்தம் போட்டுக்கிட்டே ஏறினாங்க. மாமியார் 'அனுமதி இல்லாத நிறுத்தம், அனுமதி இல்லாத நிறுத்தம்'னு தொண்டை கட்டற வரைக்கும் சொன்னா. பல்லுக்குச்சி எனக்கு முன்னால போனவன். நீ வரலையான்னு கேட்டான். எனக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாதுன்னேன். ஒண்ணும் கேக்காம ஏறிட்டான். கேட்டுப் போட வந்த ஆளு சங்கிலியும் கையுமா வந்து, ஏறுறியா பூட்டட்டுமான்னான். நான்தான் கடைசியான்னு கேட்டேன். நீதான்னான். மறுபடியும் கேட்டேன். எரிச்சலாயிட்டான். என் முதுகுக்குப் பின்னால சங்கிலி போட்டுப் பூட்டின சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் கியரைப் போட்டேன்.

பொழுது சாயற நேரம். தூத்தல். கழுத்துக்குக் கீழ வந்தேன். வெட்டிச்சு. நீளம் ஒண்ணு, குட்டை ஒண்ணு. மெதுவா ஏறினேன், கிழவன் படி ஏர்ற மாதிரி. அவரு நிக்கற எடத்தைத் தாண்டறப்போ முழுக் கையையும் வெளிய நீட்டித் தூக்கினேன். மழைத்தண்ணி அக்குள் வரைக்கும் ஓடிச்சு. கொஞ்சம் மேல போய் நிறுத்தினேன். ஹாரன்ல கையை வெச்சேன், எடுக்கல. மலை பூரா கேட்டுத் திரும்பி வந்துச்சு. அது அடங்கினப்புறம் வாய்விட்டும் சொன்னேன். "அண்ணே, பின்னாடி வண்டி இல்ல. எறங்குங்க."

கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. மாமியாரும் பேசல. அப்புறம் காலி வண்டியில பின்கதவுச் சங்கிலி ஆடுமே, அந்தச் சத்தம். மடிச்சு வெச்ச தார்ப்பாய் படபடக்கற சத்தம். வெளிச்சம் கிடையாது, எஞ்சின் சத்தம் கிடையாது. எஞ்சினை அணைச்சுட்டு எறக்கத்துல விடாதீங்கன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! பக்கக் கண்ணாடியில பாத்தேன். ரோட்டுல தேங்கி நின்ன தண்ணி ரெண்டு கோடா பிரிஞ்சுது. கீழ வளைவு வரைக்கும் பிரிஞ்சுக்கிட்டே போயி, அப்புறம் சேந்துக்கிச்சு.

கீழ கேட்டைப் பூட்டிட்டாங்களேன்னு அப்போதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

கொழுந்தன்

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

வேலை போனதைப் பல்லுக்குச்சி சொன்னான். இங்கே வா. லாரி செட்டில் இரண்டு வண்டி ஆள் இல்லாமல் நிற்கிறது. முதலாளியிடம் நான் பேசுகிறேன். வந்தால் வாசலில் நிற்காதே, உள்ளே வா. மெஷினை நிறுத்துவேன்.

கேட்டைப் பற்றிக் கவலைப்படாதே.

முந்தாநாள் பொழுது சாய்ந்ததிலிருந்து வாசற்கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. சாத்த மனமில்லை. கட்டையை எடுத்துக் கதவுக்கு அண்டக் கொடுத்து, திறந்தபடியே வைத்தேன். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஒரு சங்கிலிச் சத்தம் கேட்டு நின்றது. காலி லாரிகள் வருகிற தெருதான். நான் எட்டிப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே கண் அசந்துவிட்டேன்.

விடிய விடிய மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். காலையில் எழுந்து வழக்கம்போல் பாத்திரத்தைக் கொட்டப் போனேன்.

பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பரணில் மடித்து வைத்த துண்டு இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. நீயும் வந்து பார்க்காதே.

அண்ணி